சொன்னது ஒன்று, பறந்தது ஒன்று

சவூதிக்கு உழைக்கப் போன ஒருவராவது இல்லாத தெருவைக் கற்பிட்டியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே, 1996 நவம்பர் 12 மாலை டில்லியில் சவூதியா விமானத்தில் ஏறியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. தஹ்ரானில் இறங்கி வேலைக்குப் போக வேண்டியவர்கள் அதில் நிறையப் பேர்.

அந்த போயிங் 747இல் இருந்தவர்கள் 312 பேர். மாலை 6.32க்குக் கிளம்பியது. 14,000 அடி வரை ஏறக் கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுத்தார். இன்னும் மேலே போகலாமா என்று விமானி கேட்டபோது, அதே உயரத்தில் இருங்கள், பொறுங்கள் என்றார். அப்படியே இருந்தார்கள்.

பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் எதிரே வந்துகொண்டிருந்தது. கஸகஸ்தானின் ஷிம்கென்ட் நகரிலிருந்து 37 பேருடன் ஓர் இல்யூஷின்-76. அதற்குக் கொடுத்த உயரம் 15,000 அடி. அந்நாளில் டில்லியைச் சுற்றியிருந்த வானத்தில் பெரும்பகுதி விமானப்படையின் கையில். பயணிகள் விமானங்கள் வரவும் போகவும் ஒரே பாதை. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் அடி இருந்தால் போதும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை.

இல்யூஷினில் வானொலியில் பேசியவர் விமானி அல்லர், அதற்கென்றே இருந்த ஓர் இயக்குநர். அவருக்கு முன்னால் உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். 15,000 அடியை எட்டிவிட்டோம் என்று அவர் அறிவித்தார். எதிரே சவூதியா வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்றார் கட்டுப்பாட்டாளர். எத்தனை மைல் என்று இவர் கேட்டார், பதிலும் கிடைத்தது. விமானமோ இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசி நொடிகளில் இயக்குநர் உயரம் தவறியதைக் கண்டு கூவ, விமானிகள் மேலே இழுத்தார்கள். அந்த இழுப்பில்தான் இல்யூஷினின் வால் சவூதியாவின் இடது இறக்கையைக் கிழித்தது. இழுக்காமல் இருந்திருந்தால் அடியில் நுழைந்து போயிருக்கவும் கூடும். ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வயல்களில் 349 உடல்கள். நடுவானில் நேர்ந்த மோதல்களில் இன்றுவரை இதுதான் பெரியது.

கஸகஸ்தான் விமானிகளுக்கு ஆங்கிலம் தெரியாததால் வந்த வினை என்று பலரும் எழுதினார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் அது மட்டும் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. நன்றாகவே ஆங்கிலம் பேசிய ஒல்லாந்தரும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய அதே ஒல்லாந்தரின் நாட்டு விமானம், கேஎல்எம்.

விமானம் கிளம்ப இரண்டு அனுமதிகள் வேண்டும். எழும்பிய பிறகு எந்த உயரத்துக்கு ஏறுவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்வது ஒன்று. ஓடுபாதையில் ஓடலாம் என்பது மற்றது. முதலாவது கிடைத்தால் இரண்டாவதும் கிடைத்ததாக ஆகாது. 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவு விமான நிலையத்தில் பனிமூட்டம். கேஎல்எம் விமானிக்குக் கிடைத்தது முதல் அனுமதி மட்டும்: 9,000 அடிக்கு ஏறி வலப்பக்கம் திரும்பு. துணை விமானி அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைமை விமானி வான் சாண்டன் விமானத்தை ஓடவிட்டார். கேஎல்எம்மில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். பொறுங்கள், கூப்பிடுகிறேன் என்று கோபுரம் சொன்னதும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் அமெரிக்கன் விமானம் சொன்னதும் ஒரே நேரத்தில் மோதி, ஒல்லாந்தர் காதில் வெறும் கீச்சொலியாக விழுந்தன. பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா என்று பொறியியலாளர் சந்தேகப்பட்டுக் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அடித்துச் சொன்னார். இரண்டு விமானங்களும் ஓடுபாதையில் மோதின. இறந்தவர்கள் 583 பேர்.

இரண்டு விபத்திலும் வானொலியில் பேசியவர் ஒருவர், விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். சொன்னதைச் சரியாகத் திரும்பச் சொன்னால் கோபுரம் நிம்மதியாகிவிடுகிறது. சொன்னபடி கை நடந்ததா என்று பார்க்க அன்றைய டில்லியில் வழியே இல்லை. அங்கிருந்த பழைய ராடாரில் விமானம் வெறும் புள்ளி, உயரம் தெரியாது. உயரத்தையும் காட்டும் புதிய ராடார் அப்போதுதான் பொருத்தப்பட்டு வந்தது.

தெனெரீஃபுக்குப் பிறகு ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதோ விலக்கும்போதோ மட்டும்தான் கோபுரம் உச்சரிக்க வேண்டும் என்று விதி வந்தது. மற்ற வேளைகளில் ‘டிபார்ச்சர்’. சர்க்கி தாத்ரியை விசாரித்த நீதிபதி லகோட்டி ஆணையம் கஸகஸ்தான் விமானிகள் மீதே பிழை என்றது. பிறகு டில்லியில் வரவுக்கும் போக்குக்கும் தனித்தனிப் பாதை வந்தது. எதிரே வரும் விமானத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவி இந்திய வானில் கட்டாயமாயிற்று. அன்று மோதிய இரண்டிலும் அந்தக் கருவி இல்லை.

நம் நாட்டிலும் ஒரு விமான விபத்து உண்டு. 1974 டிசம்பர் 4 அன்று, இந்தோனேசிய ஹஜ் பயணிகளுடன் சுராபாயாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வந்த மார்ட்டின்ஏர் விமானம் மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டார்கள். அது அடுத்த வாரம்.