பம்பாய்ப் பிளேக்கும் வீட்டு வாசலில் நின்ற அச்சமும்

கொள்ளைநோய்க் காலங்களில் மக்கள் எதை அஞ்சுகின்றனர் என்பது நோயின் கொடுமையை மட்டும் பொறுத்ததன்று. அவர்கள் வாழும் வீடு எத்தகையது, அதில் யார் யார் உள்ளனர், நோயின் பெயரால் வாசலில் வந்து நிற்பவர் யார் என்பவற்றையும் பொறுத்ததாகும். 2020ஆம் ஆண்டில் பள்ளிவாசல்கள் அடைக்கப்பட்ட நாட்களைக் கண்ட நாம், அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பம்பாய் நகரைப் பீடித்த பிளேக்கின் வரலாற்றை அறிந்துகொள்வது பயனுடையது.

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில், கோவா வம்சாவளியினரான டாக்டர் அக்காசியோ வியேகாஸ் இந்நோயை முதன்முதலில் கண்டறிந்தார். மாண்டவி தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி. கீழ்த்தளத்தில் மூட்டைகள், மேல்தளங்களில் காற்றும் வெளிச்சமும் புகாத ஒற்றை அறைகளில் தொழிலாளர் குடும்பங்கள் என்று அங்குள்ள கட்டடங்கள் அமைந்திருந்தன. தானியம் உள்ள இடத்தில் எலிகள் பெருகின. அவ்வெலிகளே அந்நோய்க்கு முதலில் இரையாயின.

பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்திருந்தார். ஆயினும் அது மனிதரை எவ்வாறு அடைகிறது என்பது அப்போது விளங்கவில்லை. அழுக்கும் நெரிசலுமே காரணம் என்று கருதிய அதிகாரிகள், கார்பாலிக் அமிலத்தால் சாக்கடைகளையும் சுவர்களையும் கழுவினர். கூரை ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டனர். குடியிருக்கத் தகுதியற்றவை என்று பல வீடுகளுக்குக் குறியிட்டனர். 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. வீடு வீடாகச் சோதனையிடவும், நோயாளியை மருத்துவமனைக்கும் உடனிருந்தோரைத் தனி முகாமுக்கும் கொண்டு செல்லவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. அவ்வாண்டு பம்பாயிலிருந்து ஹஜ் பயணம் செல்வதும் தடை செய்யப்பட்டது.

இந்நிலையில் ஒவ்வொரு குடும்பமும் தன் நிலைக்கேற்ப ஆபத்தைக் கணித்தது. சொந்த ஊரில் நிலமோ உறவோ உள்ளவர்கள் நகரை விட்டு வெளியேறினர். 1897 தொடக்கத்திற்குள் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சென்றுவிட்டனர் என்பது அக்கால மதிப்பீடு. போக்கிடம் இல்லாதவர்களும், அன்றாடக் கூலியை நம்பியவர்களும் அந்த ஒற்றை அறைகளிலேயே தங்கினர். அவர்களுக்கு நோயைவிட மருத்துவமனையே பெரிய அச்சமாக இருந்தது. அங்கே கொண்டு செல்லப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை; ஆகவே அங்கே ஆளைக் கொன்றுவிடுகிறார்கள் என்ற வதந்தி பரவியது. 1896 அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர்.

கோஷா முறையைக் கடைப்பிடித்த குடும்பங்களின் நிலை மேலும் இக்கட்டானது. அந்நிய ஆடவர் அறைக்குள் புகுந்து பெண்களைத் தொட்டுச் சோதிப்பதை அவர்களால் ஏற்க இயலவில்லை. இறந்தவரைத் தம் முறைப்படி குளிப்பாட்டிக் கஃபனிட்டு ஜனாஸாத் தொழுகை நடத்த இயலாமற் போய்விடுமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. எனவே நோயாளிகளை மறைத்தனர், மரணங்களையும் மறைத்தனர். மறைத்ததால் நோய் கட்டுக்கடங்காமல் போயிற்று. பூனாவில் படைவீரர்களைக் கொண்டு நடத்திய வீட்டுச் சோதனைகளால் மூண்ட கோபம், 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்படுவதில் முடிந்தது. 1898 மார்ச் 9 அன்று பம்பாய் மதன்புராவில், ஜுலாஹா நெசவாளர் வீடொன்றில் நோயுற்ற சிறுமியைச் சோதிக்க அதிகாரிகள் முற்பட்டபோது பெருங்கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின.

இவ்விடத்தில்தான் நம் கவனத்திற்குரிய மாற்றம் நிகழ்ந்தது. 1897 மார்ச்சில் தளபதி கட்டேக்கர் தலைமையில் அமைந்த பிளேக் குழு, பல்வேறு சமூகங்களின் தலைவர்களை அணுகியது. மேமன், கோஜா, பார்சி சமூகத்தாரும் இந்துச் சமூகத்தார் பலரும் தத்தம் மக்களுக்கெனத் தனி மருத்துவமனைகளை நிறுவினர். தம்மவர் கவனிப்பார்கள், தம் முறைப்படி உணவு கிடைக்கும், உறவினர் அருகில் இருக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தபின், மறைத்து வைக்கப்பட்ட நோயாளிகள் சிகிச்சைக்கு வரத் தலைப்பட்டனர். மதன்புராக் கலவரத்திற்குப் பின் அரசும் கடுமையைத் தளர்த்தியது.

தடுப்பூசியிலும் இதுவே நிகழ்ந்தது. ஒடெஸாவில் பிறந்த யூதரான ஹாஃப்கின், தாம் தயாரித்த பிளேக் தடுப்பூசியை 1897 ஜனவரி 10 அன்று தமக்கே போட்டுக்கொண்டு சோதித்தார். மக்களோ தயங்கினர். அப்போது இருபது வயதை எட்டியிருந்த மூன்றாம் ஆகா கான் அனைவரும் காண ஊசி போட்டுக்கொண்டார். தம் மாளிகை ஒன்றையும் ஆய்வுக்கூடமாக அளித்தார். கோஜா சமூகத்தார் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர்.

நோய் பரவும் வழியை 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் கண்டுரைத்தார். இறந்த எலியை விட்டு வெளியேறும் தெள்ளுப்பூச்சியே மனிதரைக் கடித்து நோயைத் தருகிறது என்ற அவர் கூற்று, 1905 முதல் நடந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று. எலி விழுந்த வீட்டை விட்டு விலகுவது பயனுள்ளது என்பதற்கு அறிவியல் காரணம் அப்போதுதான் கிடைத்தது. சாக்கடையில் ஊற்றிய மருந்து எலிகளை வேறு வீடுகளுக்கு விரட்டியிருக்கக் கூடும் என்பதும் பின்னரே உணரப்பட்டது. இதற்கிடையில் 1891இல் சுமார் 8 லட்சத்து 22 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை, 1901இல் 7 லட்சத்து 76 ஆயிரமாகக் குறைந்திருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளையும் சேர்த்தால் இந்தியாவில் பிளேக்கால் மாண்டோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர்.

இவ்வரலாறு ஜமாஅத்தார் நமக்குச் சில கடமைகளை நினைவூட்டுகிறது. நமது மஹல்லாவில் ஓரறை வீட்டில் வாழும் பெரிய குடும்பங்கள் எத்தனை, தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர், ஒருநாள் வேலையை இழந்தால் அடுப்பெரியாத வீடுகள் எவை என்பதை நோயற்ற காலத்திலேயே அறிந்திருத்தல் வேண்டும். பெண்களிடம் சென்று பேசவும் பணிவிடை செய்யவும் பயிற்சி பெற்ற பெண் தொண்டர்கள் வேண்டும். மருத்துவர் கூறுவதை மக்கள் மொழியில் எடுத்துரைக்கும் பொறுப்பை ஜமாஅத் ஏற்க வேண்டும். பம்பாயில் கதவுகளைத் திறந்தது, தம்மை அறிந்தவர் வருகிறார் என்ற நம்பிக்கையே. அந்நம்பிக்கை நோய் வந்தபின் ஒரே நாளில் உண்டாவதன்று. அதனை இன்றே வளர்த்து வருவோமாக!