சுள்ளி பெருமரமான கதை

மேஜையில் குட்டிச் சிப்பாய் பொம்மைகளை நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டு தெரியும்தானே? அதில் ராட்சத அடிமரம் வேண்டுமென்றால் பெரிய செலவே இல்லை. 28 மி.மீ. உயரப் பொம்மைக்குப் பக்கத்தில் 5 செ.மீ. தடிமனான காய்ந்த கிளைத் துண்டை நிறுத்துங்கள். சுமார் 60 மடங்கு என்று கணக்குப் போட்டால், அது 3 மீட்டர் குறுக்களவுள்ள பெருமரம்!

ஆரம்பம் இவ்வளவு எளிமையாக இல்லை. 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்த ஆட்ட மேஜையில், ஆறும் காடும் காட்டும் சதுர வில்லைகளை அடுக்க வேண்டும். 1824இல் அவர் மகன் அதை வரைபடத்துக்கு மாற்றினார், ராணுவப் பயிற்சியாகிவிட்டது. காடு வெறும் காகிதக் குறியானது.

அதைத் திரும்பவும் விளையாட்டாக்கியவர்களில் முக்கியமானவர் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1913இல் வந்த அவருடைய 'லிட்டில் வார்ஸ்' நூலில் மரக்கட்டைகள் வீடுகளாயின, சுள்ளிகள் மரங்களாயின. நிஜப் போரைவிடப் பொம்மைப் போரே மேல் என்பது அவர் வாதம்.

அடுத்த ஆண்டே முதல் உலகப் போர். சுள்ளிக் காட்டை ஆட்டம் முடிந்ததும் பெட்டியில் எடுத்து வைத்துவிடலாம். 1916இல் பிரான்சின் டெல்வில் காட்டில் சண்டை ஓய்ந்தபோது, உயிரோடு மிஞ்சியது ஒரே ஒரு மரம்தான்.