ஓடும் வண்டியில் ஓடும் எண்ணெய்

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊரில் மாட்டு வண்டியில் அண்டாவை வைத்துத் தண்ணீர் கொண்டுவருவார்கள். வழியில் சிந்தியது போகப் பாதிதான் மிஞ்சும். வண்டி தெருமுனையில் திரும்பும்போது அந்த நீர் ஒரு பக்கமாக ஏறி நிற்கும். மறுபக்கம் அண்டாவின் அடி தெரியும். பந்தய மோட்டார்களைச் செய்தவர்களை நெடுங்காலம் அலைக்கழித்த தொல்லையும் இதுவே என்பதைப் பின்னாளில் அறிந்து வியந்தேன்.

எஞ்சினில் சுழலும் தண்டையும் அதைத் தாங்கும் பேரிங்கையும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று பிரித்துக் காக்கிறது. சாதாரண வண்டிகளில் அடியிலுள்ள தொட்டியிலிருந்து பம்பு எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. வளைவில் வேகமாகத் திரும்பினாலோ, எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிவிடும். பம்பு காற்றைக் குடிக்கும், படலம் அறும், உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்கும். தொட்டியில் எண்ணெய் குறைந்துவிடவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்தார்கள். அதனினும் உறுதியான வழி, அடியில் எண்ணெயைத் தங்கவே விடாதிருத்தல். ஒரு பம்பு வடியும் எண்ணெயை உடனுக்குடன் இறைத்துத் தனித் தொட்டியில் சேர்க்கும்; மற்றொன்று அங்கிருந்து பேரிங்குகளுக்கு ஊட்டும். இறைக்கும் பம்பு நுரையையும் காற்றையும் சேர்த்து அள்ளுவதால் அதுவே பெரிதாக இருத்தல் வேண்டும். இதனை உலர் தொட்டி முறை எனலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பந்தய வண்டிகளில் இது வழங்கியது.

1954ஆம் ஆண்டு நியூயார்க்கில் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். என்னும் கார் பொதுமக்களுக்கெனக் காட்டப்பட்டது. சிறகுபோல் மேலே விரியும் அதன் கதவுகளைப் புகழாதார் இல்லை. எனக்கோ அதன் எண்ணெய்த் தொட்டியே பெரிதாகப் படுகிறது. உலர் தொட்டி முறையால் எஞ்சினுக்கு அடியில் ஆழமான தொட்டி தேவைப்படவில்லை. எஞ்சினையும் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார்கள். வண்டியின் முகம் தாழ்ந்தது.

ஆயினும் மருந்தே நோயாயிற்று. அந்த எஞ்சினில் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் பம்பு உண்டு. சாவியைத் திருப்பித் தீப்பொறியை நிறுத்திய பின்னும், எஞ்சின் ஓய்ந்து நிற்கும்வரை அப்பம்பு பீய்ச்சிக்கொண்டேயிருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, மொத்த எண்ணெயையும் நீர்க்கச் செய்தது.

பழைய நோம் விமான எஞ்சின்களில் ஆமணக்கெண்ணெய் ஊற்றினார்கள்; அது பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதே காரணம். நம் பாட்டிமார் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு நம்மைத் துரத்திய அதே விளக்கெண்ணெய்தான்! ஆனால் அது நாளடைவில் பிசினாகிவிடும். அன்றாட வண்டிக்கு ஒவ்வாது.

எண்ணெய் நன்கு சூடேறினால் கலந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். 300 எஸ்.எல். வண்டியிலோ எண்ணெயின் அளவு மிகுதி. அதைக் குளிர்விக்கும் கருவியும் பெரிது. இரண்டும் நெடுந்தூர வேகத்திற்கென அமைந்தவை. கடைத்தெருவுக்குப் போய்வரும் தூரத்தில் அந்த எண்ணெய் சூடேறவே இல்லை. ஆகவே 1,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றும்படி பணித்தார்கள். உரிமையாளர் பலர் இன்னும் ஒன்று செய்தார்கள்: பொறியியலார் அரும்பாடுபட்டு அமைத்த அக்குளிர்கருவிக்குக் காற்றுப் புகாதபடி முன்னால் மறைப்புக் கட்டினார்கள்.