ஏழாம் வகுப்புக்குப் பிறகு தமிழில் வாதம்

சயான் ரயில் நிலையத்துக்கு மேற்கே இறங்கினால் தாராவி. தெற்கே அடுத்த நிலையம் மாட்டுங்கா. கிழக்கே சுன்னாபட்டியைத் தாண்டிப் போனால் செம்பூர். மும்பைத் தமிழர்களின் பொதுவாழ்க்கையில் பெரும்பகுதி இந்தச் சிறு வட்டாரத்துக்குள்தான் நடந்திருக்கிறது. இலக்கியத்தைப் பற்றி எப்படி வாதிடுவது என்று இங்கே பதின்பருவத்துப் பிள்ளைகள் கற்ற வழியும் தனி. அவர்கள் அதைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, மேடையின் முன்னால் உட்கார்ந்து கற்றார்கள். அதற்குப் பலனும் இருந்தது, குறையும் இருந்தது. இன்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இலக்கியக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்க விரும்பும் ஆசிரியர் வெளியூரிலிருந்து முறை தேடிப் போக வேண்டியதில்லை, தேவையான இரண்டு பாதிகளும் இந்த வட்டாரத்திலேயே இருந்தன, தாளில் ஒன்றுசேராமல் போனதுதான் குறை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மாட்டுங்காவில் குமாஸ்தா வேலைக்கும் கணக்கர் வேலைக்கும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்காக எம்.வி. வெங்கடேஸ்வரன் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் கல்லூரி 1960இல் சயானில் திறக்கப்பட்டது. அங்கே படித்தவர்கள் ஆங்கில வழியில் படித்து, அலுவலகங்களுக்குப் போனார்கள். தாராவியின் கதை வேறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளிகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டன. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் ஆங்கில வழிக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் படிப்பை விட வேண்டும். ஒரு பிள்ளை கதையைத் திருப்பிச் சொல்வதிலிருந்து ‘ஏன்’ என்று கேட்பதற்கு நகரும் வயது பன்னிரண்டு, பதின்மூன்று. சரியாக அந்த வயதில் இரு தரப்புக் குடும்பங்களிலும் பள்ளித் தமிழ் முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு தமிழில் யாராவது எதையாவது நிறுவிப் பேசக் கேட்க வேண்டுமானால் மாட்டுங்காவில் உபன்யாசம், தாராவியில் கட்சிக் கூட்டம், சயானில் தமிழ்ச் சங்க மேடை என்று மூன்று இடங்கள்தான் மிஞ்சின.

இந்த மேடைகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பட்டிமண்டபம் என்ற வாதக் கூடம் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிறது. மணிமேகலையில் ஒரு காதை முழுவதும் பல சமயத்தார் தத்தம் கொள்கையை அளவை முறைப்படி எடுத்துவைக்கக் கதாநாயகி கேட்டுக்கொண்டே போகிறாள். இலக்கியப் பட்டிமண்டபத்துக்கு நம் காலத்து உருவம் கொடுத்தது சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகம். அந்த வடிவம் தமிழர் போன ஊருக்கெல்லாம் போயிற்று. அதே காலத்தில் இன்னொரு மேடையும் சூடாக இருந்தது. 1943இல் கம்பராமாயணத்தை வைத்துக்கொள்ளலாமா, கொளுத்தலாமா என்று திராவிட இயக்கத் தலைவர் அண்ணா சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியோடும் சொற்போர் நடத்தினார். ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் அது புத்தகமாகவும் வந்தது. ஒரு காவியத்தின் மேல் இரண்டு தரப்பும் எதிரெதிரே நின்று, பொதுமக்கள் முன்னால், பாட்டை எடுத்துக்காட்டி வழக்காடலாம் என்பதை இந்த நிகழ்ச்சிகள் சாதாரண வாசகனுக்கும் காட்டின. திராவிட இயக்கம் வேரூன்றிய தாராவியில் இந்தப் பேச்சு முறை புதுமையாக இருந்திருக்க முடியாது. 1966இல் சிவசேனை தொடங்கித் தென்னிந்தியர்களைக் குறிவைத்த பிறகு தமிழ் மேடைக்குத் தற்காப்பு என்ற பொறுப்பும் சேர்ந்துகொண்டது.

பள்ளிக் கட்டுரை வேறு வழியில் வந்தது. பம்பாய், சென்னை, கல்கத்தா பல்கலைக்கழகங்கள் 1857இல் நிறுவப்பட்டன. பம்பாயின் முதல் மெட்ரிகுலேஷன் தேர்வு 1859இல் நடந்தது. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் திருத்த வேண்டிய தேர்வுக்கு, எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதுதான் வசதி. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு 1874இல் நுழைவுத் தேர்வுக்கு ஷேக்ஸ்பியர் போன்றோரின் நூல்களிலிருந்து தலைப்புக் கொடுத்துக் கட்டுரை கேட்டபோது, பார்த்தது எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம், நடை ஆகியவற்றைத்தான். மாணவனின் கருத்து எத்தனை வலுவானது என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. தமிழ் வகுப்பில் இதே பழக்கம் குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று உறைந்தது. கண்ணகியின் கற்புத்திறம், கும்பகர்ணனின் செஞ்சோற்றுக்கடன் என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும். மாணவன் அதற்குச் சான்று அடுக்கினால் போதும். தமிழ்நாட்டில் ஐயம்பெருமாள் கோனாரின் உரைநூல் தலைமுறை தலைமுறையாக விற்றதற்கு அவருடைய தெளிவு ஒரு காரணம். விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வியைத் தேர்வு கேட்டது இன்னொரு காரணம்.

தேர்வு கேட்காத வாதத் திறமை நம் உரை மரபில் நெடுங்காலமாக இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பவணந்தி நன்னூலில் ஒரு நூலாசிரியன் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வழிகளை ஏழாக வகுக்கிறார். ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம், இருவர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணியலாம், அடுத்தவர் நூலில் குற்றம் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கொள்கையைப் பிடிக்கலாம். நன்னூலை மனப்பாடம் செய்த பள்ளிப் பிள்ளைகள் இந்த ஏழையும் ஒப்பித்தார்கள், ஒன்றையாவது எழுதிப் பார்க்கும்படி எவரும் கேட்கவில்லை. உரையாசிரியர்களோ இதை வேலையாகவே செய்தார்கள். இவ்வாறு பொருள் கொள்வாரும் உளர் என்று எதிர்த்தரப்பை வைத்து, அது ஏன் பொருந்தாது என்று சொல்லின் துணையோடு காட்டுவது அவர்களுடைய அன்றாட நடை. இப்படி உரையோடு பாடம் கேட்கும் வழக்கம் பம்பாயிலும் இருந்தது. எழுபதுகளில் பிழைப்புக்காக இங்கே வந்த எழுத்தாளர் நாஞ்சில் நாடன் கம்பராமாயணத்தைப் பாட்டுப் பாட்டாகப் பாடம் கேட்டது இந்த நகரத்தில் ரா. பத்மநாபன் என்ற அறிஞரிடம். பின்னாளில் ‘கம்பனின் அம்பறாத்தூணி’ என்று கம்பனின் சொல்வளம் பற்றி நாஞ்சில் நாடன் நூல் எழுதியதற்கு அடித்தளம் அந்த வகுப்பு. மேடை ஒரு தரப்பை எடுக்கக் கற்றுக்கொடுத்தது, பாடம் கேட்டல் சொல்லை விடாமல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. சில பேருக்கு இரண்டும் வாய்த்தன, பதின்பருவத்துப் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு முதலாவது மட்டும்தான் கிடைத்தது.

வாலி வதையை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு விளங்கும். இராமன் மறைந்து நின்று அம்பு விட்டது முறையா என்பது பட்டிமண்டபத்தில் தேய்ந்த தலைப்பு. ஓர் அணி அறம் என்னும், மற்ற அணி பிழை என்னும், நடுவர் இரண்டும் கலந்து தீர்ப்புச் சொல்வார். கம்பனின் அந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கும் மாணவன் ஒரு விஷயத்தைக் கவனிப்பான். வாலியின் மற்றக் குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் இராமனே பதில் சொல்கிறான். ஏன் ஒளிந்து நின்றான் என்ற கேள்வி வரும்போது பதில் சொல்பவன் இலக்குவன். நேரே வந்திருந்தால் வாலியும் அடைக்கலம் கேட்டிருக்கக்கூடும், அப்போது சுக்கிரீவனுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்பது அவன் சொல்லும் சமாதானம். கம்பன் ஏன் அந்த ஒரு பதிலை மட்டும் தம்பியின் வாயில் வைத்தான் என்று மாணவன் கேட்டுவிட்டால் கட்டுரை பிறந்துவிட்டது. இராமனுக்குச் சொல்ல நாவெழவில்லை என்று வாதிடலாம். அண்ணனைத் தற்புகழ்ச்சியிலிருந்து காப்பாற்றக் கவி செய்த ஏற்பாடு என்றும் வாதிடலாம். எந்தப் பக்கம் போனாலும் மாணவன் மறுபடி பாட்டுக்குத்தான் திரும்ப வேண்டும், எதிர்த்தரப்பின் வலுவான காரணத்தையும் எழுதி அதற்கு விடை சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் கைதட்டல் வாங்க வேண்டிய பேச்சாளருக்கு இதற்கு நேரமிருக்காது, இரண்டு பக்கம் எழுதும் பிள்ளைக்கு உண்டு.

பட்டிமண்டபத்தில் தரப்பைக் கொடுத்துவிடுகிறார்கள், நம்பாத கருத்துக்காகப் பேச வைப்பது பிள்ளைகளுக்கு வாய்ச்சாலகத்தைத்தான் பழக்கும் என்று ஒரு மறுப்பு உண்டு. பாதி உண்மை. கொடுத்த தரப்புக்காகப் பேசிப் பழகியவனுக்கு எதிராளியின் காரணம் முன்கூட்டியே தெரியும், பவணந்தியின் மூன்றாவது வழி கேட்பதும் அதைத்தான். மேடையின் உண்மையான குறை வேறு. நூலில் இல்லாததைச் சொன்னாலும் அங்கே யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அதைத் தாள் திருத்தும், ஆசிரியர் ஓரத்தில் ‘எந்தப் பாட்டு?’ என்று எழுதினால் போதும். ஆங்கில வழியில் படிக்கும் செம்பூர்ப் பிள்ளைக்கோ தாராவிப் பிள்ளைக்கோ கம்பனைப் படிக்கும் அளவு தமிழ் கிடையாது என்பது இன்னும் கனமான மறுப்பு. மொழிபெயர்ப்பில் சொல்லின் நயம் போய்விடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யார் எப்போது பேசுகிறார், எந்தக் கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது என்பவை எந்த மொழியிலும் தப்பிப் பிழைக்கும். ஒரே காட்சியை ஆசிரியர் படித்துக்காட்டி, முதலில் தமிழில் வாய்விட்டு வாதிட வைத்து, பிறகு பிள்ளைக்குக் கைவரும் மொழியில் எழுத வைக்கலாம். வீட்டில் பேசும் தமிழ் இங்கே தடையாக நிற்காது, வாதத்துக்கு முதல் மொழியாகவே நிற்கும்.

இலக்கியம் வழக்காடு மன்றம் ஆகாது, அனுபவிக்க வேண்டியதை வாதிட்டுக் கெடுக்கலாமா என்று ரசனைத் தரப்பும் கேட்கும். ரசனையின் பெரிய பெயரான டி.கே. சிதம்பரநாத முதலியாரே இதற்கு விடை. கம்பராமாயணத்தில் பல பாடல்கள் கம்பன் எழுதியவையே இல்லை என்று அவர் ஒதுக்கினார். அது வெறும் அனுபவம் இல்லை, புலவர் உலகமே எதிர்த்து நின்ற வாதம். அவருடைய முடிவை ஏற்காதவர்கள் பலர், ஆனால் அவரை மறுக்க அவர்களும் பாட்டைத் திறக்க வேண்டியிருந்தது. நன்றாக ரசிப்பவனுக்கு ஒரு கட்சி தானாகவே அமைந்துவிடுகிறது, அதைப் பிறர் ஒப்பும்படி சொல்லப் பழக்குவதுதான் ஆசிரியரின் வேலை. மதிப்பெண் இதற்குக் கிடைக்காது என்பது மிச்சமுள்ள மறுப்பு. இன்றைய தேர்வுக்கு அது சரி. ஆனால் தேர்வுக் கட்டுரையின் வயது நூற்று அறுபது ஆண்டுகள் சொச்சம், உரையாசிரியர்களின் தடை-விடை முறைக்கு அதைப் போலப் பல மடங்கு வயது. தேர்வு வாரியம் மனம் மாறும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சயான் வட்டாரத்துச் சங்கங்கள் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை எடுத்து, பேசிய பிள்ளையே தன் பேச்சைச் சான்றோடும் எதிர்த்தரப்புக்கு விடையோடும் எழுதிக் கொடுத்தால்தான் பரிசு என்று ஒரு விதி வைத்தால், ஏழாம் வகுப்போடு நின்றுபோன பாடம் அங்கிருந்தே மறுபடி தொடங்கும்.