இராஜாஜியும் அணு ஆயுத எதிர்ப்பும்

அணு ஆயுதங்களுக்கும் அவற்றின் சோதனைகளுக்கும் எதிராகச் சி. இராஜகோபாலாச்சாரி (இராஜாஜி, 1878–1972) மேற்கொண்ட பரப்புரை. இதன் உச்சம் 1962 செப்டம்பரில் அவர் மேற்கொண்ட அமெரிக்கப் பயணம்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும் 9 அன்று நாகசாகியிலும் அமெரிக்கா அணுகுண்டு வீசியது.

ஐம்பதுகளில் அணு ஆயுதச் சோதனைகள் பெருகியபோது இராஜாஜி அவற்றை எதிர்த்து இடைவிடாது எழுதினார். சுதந்திராக் கட்சியின் நிறுவனராக நேருவைக் கடுமையாக எதிர்த்துவந்தவர் அவர். எனினும் அணு ஆயுத எதிர்ப்பைக் கட்சி அரசியலாக்கவில்லை. காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமையேற்று, ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் வாஷிங்டன் சென்றார். அவருக்கு அப்போது வயது 83. மேற்கு நாடுகளுக்கு அவர் மேற்கொண்ட முதல் பயணம் அதுவே. வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடியுடனான சந்திப்பு ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடித்தது. அடுத்த மாதமே கியூபா நெருக்கடி உலகை அணுப்போரின் விளிம்புவரை கொண்டுபோனது.

1963 ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகியவை பகுதிச் சோதனைத் தடை உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதை இராஜாஜியின் வெற்றியாகக் கொண்டாடுவது மிகை. நிலத்தடிச் சோதனைகளை அது தடுக்கவுமில்லை; 1974இலும் 1998இலும் பொக்ரானில் இந்தியா நடத்தியவை அவ்வகையே. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்பது 2003 ஜனவரியில் இந்தியா அறிவித்த கொள்கை. பதிலடிக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவிடம் உள்ளது.