துவக்கு சொல்லும் சாட்சி: வேதாளையும் மன்னாரும் ஜப்பானும்

போர்த்துக்கேயர் கொண்டுவந்த பொருள்களோடு அவற்றின் பெயர்களும் நம் கரைக்கு வந்திறங்கின. சாவி, அலமாரி, மேசை, ஜன்னல் எல்லாம் அப்படி வந்தவை. ஆனால் துவக்குக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'எஸ்பிங்கார்டா'. அது நம் வாயில் ஏறவேயில்லை. நாம் துவக்கு என்கிறோம், தமிழகத்தார் துப்பாக்கி என்கிறார்கள், சிங்களவர் துவக்குவ என்கிறார்கள். மூன்றும் துருக்கியரின் 'துஃபெக்' என்ற சொல்லின் வழிவந்தவை. பெரிய குண்டு போடும் பீரங்கிக்குத்தான் பறங்கியின் பெயர் ஒட்டிக்கொண்டது. தோளில் வைத்துச் சுடுவதற்கோ கீழைத்தேயப் பெயரே நின்றுவிட்டது.

சொல் ஒன்றை மட்டும் வைத்து வரலாறு எழுத முடியாது என்பது உண்மைதான். துணைக்கு ஒரு போர்க்களம் இருக்கிறது. அது மன்னார்த் தீவுக்கு நேரெதிரே, மண்டபத்தை அடுத்த வேதாளை.

சீதாவாக்கை மாயாதுன்னைக்கும் கோட்டை அரசன் புவனேகபாகுவுக்கும் பகை மூண்டிருந்த காலம். பறங்கியர் கோட்டையின் பக்கம் நின்றார்கள். மாயாதுன்னைக்கு உதவியாகக் கள்ளிக்கோட்டைச் சாமூதிரி ஒரு கப்பற்படையை அனுப்பினான். அதை நடத்தி வந்தவர்கள் மரைக்காயர் தலைவர்கள். 1538 தொடக்கத்தில் வேதாளைக் கரையில் பாளயமிட்டிருந்த அந்தப் படையை மார்த்திம் அஃபோன்சோ டி சூசா தாக்கி முறியடித்தான். பிடிபட்ட பொருள்களில் நூற்றுக்கணக்கான பீரங்கிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைத்துவக்குகளும் இருந்ததாகப் போர்த்துக்கேயரே எழுதிவைத்தார்கள். வென்றவன் எழுதிய கணக்கில் மிகை இருக்கலாம். ஆனாலும் துவக்கு தெரியாதவர்களிடமிருந்து துவக்கைக் கைப்பற்ற முடியாதே! பறங்கியர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியது 1560இல். அதற்கு 22 ஆண்டு முன்பே இந்தக் கடலில் நம்மவர் கையில் துவக்கு இருந்திருக்கிறது.

வேதாளைக்கு ஐந்தாண்டு கழித்து, 1543இல், ஜப்பானின் தெற்கே தனேகஷிமா என்ற தீவில் ஒரு சீனக் கப்பல் ஒதுங்கியது. அதில் இருந்த போர்த்துக்கேயரிடம் தீவின் தலைவன் தோகிதகா இரண்டு துவக்குகளை வாங்கினான். அவனுடைய கொல்லன் அதைப் பார்த்துச் செய்தான். குழாயின் பின்வாயைத் திருகாணி போட்டு அடைக்கும் வித்தை மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. அடுத்த ஆண்டு வந்த ஒரு போர்த்துக்கேயக் கைவினைஞனிடம் அதையும் படித்துக்கொண்டான். 1575இல் நகஷினோ களத்தின் முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்கு அந்தக் கருவி அங்கே பெருகிவிட்டது.

இங்கேதான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. மொகலாயரின் திரித்துவக்கில் விசையை இழுக்க இழுக்கத் திரி மெல்ல இறங்கும். ஜப்பான் துவக்கில் அப்படியில்லை. வில்லால் இறுக்கி நிறுத்திய குதிரை, விசையைத் தொட்டதும் சடக்கென்று மருந்தில் விழும். பழைய இலங்கைத் துவக்கிலும் இதே அமைப்புத்தான். தனேகஷிமாவுக்குப் போனது ஐரோப்பாவில் செய்த துவக்கல்ல, கோவாவிலோ மலாக்காவிலோ ஆசியக் கொல்லர் கைபட்டது என்று ஆய்வாளர் பலர் கருதுவதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம். இலங்கைக் கொல்லன் அந்த விசைக்குப் பிளவுபட்ட அடிக்கட்டை வைத்தான், வெள்ளியும் தந்தமும் பதித்தான். ஜப்பானியன் சுமார் மூன்று நூற்றாண்டு அதே விசையை வைத்திருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய குழாய்களையே தொப்பிவெடிக்கு மாற்றிக்கொண்டான். பிறகு 1880இல் முராட்டா, 1897இல் அரிசாக்கா என்று புதிய துவக்குகள் வந்தன.

ஜப்பானியப் படைத் துவக்கு தன் வயதைத் தானே சொல்லும். மேலே மூன்று எழுத்தில் '38 வகை' என்றிருந்தால் அது மெய்ஜி ஆட்சியின் 38ஆம் ஆண்டு, அதாவது 1905. '99 வகை' என்றால் அவர்களது பேரரசு ஆண்டு 2599, நமக்கு 1939. முன்னதற்கு 6.5 மில்லிமீற்றர் தோட்டா, பின்னதற்கு 7.7. அதன்மேல் பதினாறு இதழ்ச் செவ்வந்தி இருக்கும். அது பேரரசரின் முத்திரை. 1945 சரணடைவுக்குப் பின் பல துவக்குகளில் அந்தப் பூவை அராவி எடுத்துவிட்டார்கள். கொரியாவில் 99 வகையை அமெரிக்கத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தினார்கள். முதல் உலகப் போரில் பிரித்தானியர் ஜப்பானிடம் வாங்கிய துவக்குகளில் ஒரு பகுதி, 1916 எழுச்சியின்போது ஹிஜாஸ் அரபிகளின் கைக்கும் போனது.

ஆனால் ஜப்பானியப் படை இலங்கையில் கரையிறங்கவில்லை. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு போட்டதோடு சரி. ஆகவே நம் கரையில் பழைய துவக்கு ஒன்று கிடைத்தால் "ஜப்பான்காரன்ட சாமான்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. எழுத்தையும் முத்திரையையும் விசையையும் பார்த்த பிறகே பேச வேண்டும்.

கிடைத்தால் என்று ஏன் சொல்கிறேன்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் நம்மை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முசலிப் பக்கத்திலும் வீடுகள் திறந்து கிடந்தன. உறுதிகளும் கிதாபுகளும் மூத்தாப்பாமார் வைத்துப்போன சாமான்களும் அங்கேயே நின்றன. திரும்பிப் போனவர்கள் பலர் கண்டது வெறும் சுவரையும் காட்டையும்தான். வீட்டுச் சாட்சி இல்லாத சமூகத்தைப் பார்த்து "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்று சொல்வது யாருக்கும் லேசு.

அதனால் எஞ்சியிருப்பதைக் கவனமாகப் படிப்பது நம் தலைமேல் விழுந்த வேலை. நிலத்தில் பழைய இரும்பு கிளம்பினால் துருவை அராவ வேண்டாம், இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். அராவினால் முதலில் போவது முத்திரைதான். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. பொலிசுக்கும் தொல்லியல் திணைக்களத்துக்கும் அறிவித்து, படமெடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துவையுங்கள். வயதானவர்களிடம் கடற்சொல்லையும் ஆயுதச் சொல்லையும் கேட்டு எழுதுங்கள். வேதாளையில் பறிபோன துவக்குகளின் கணக்கைப் பறங்கி எழுதினான். 1990இல் பறிபோனவற்றின் கணக்கையாவது நாமே எழுதுவோம்.