காற்பந்து நேரலை: பெட்டி இருந்தால் போதுமா?

வார இறுதி இரவில் காற்பந்து பார்க்க இன்று தொலைக்காட்சிகூடத் தேவையில்லை; கைத்தொலைபேசியே போதும். ஆனால், திரையில் ஓடும் ஆட்டம் முறையான உரிமத்துடன் வருகிறதா என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உரிமை யாரிடம்?

இங்கிலிஷ் பிரிமியர் லீக், ஒளிபரப்பு உரிமையை நாடுவாரியாக விற்கிறது. சிங்கப்பூரில் 2010 முதல் 2022 வரை சிங்டெல்லிடம் இருந்த உரிமை, 2022/23 பருவம் தொடங்கி ஆறு பருவங்களுக்கு ஸ்டார்ஹப்புக்குக் கிடைத்தது. இணையம்வழி பார்ப்பதற்கெனத் தனிச் சந்தாவும் உண்டு.

நாட்டுக்கு நாடு உரிமை மாறுவதால் ஒரு விந்தையும் நேர்கிறது. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை காற்பந்து நேரடி ஒளிபரப்புக்குத் தடை உண்டு. ரசிகர்கள் வீட்டில் அமர்ந்துவிடாமல் உள்ளூர்த் திடல்களுக்குச் செல்ல வேண்டும் என்பதே நோக்கம். அதனால் அங்கு 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை அந்நாட்டு ரசிகர் நேரலையில் பார்க்க முடியாது. சிங்கப்பூர் ரசிகரோ இரவு 10 மணிக்கு, அங்கு குளிர்காலமென்றால் 11 மணிக்கு, வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

மலிவுப் பெட்டியின் விலை

ஆண்ட்ராய்டு பெட்டி வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது. திருட்டு ஒளிவழிகளைக் காட்டும் செயலிகளுடன் அதை விற்பதுதான் குற்றம். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ், அவ்வாறு விற்பவருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேரில் காவல்துறை நடத்திய சோதனையில் 17 பேர் கைதாயினர். 2,500க்கும் அதிகமான பெட்டிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

வாங்கியவருக்கும் இழப்பு உண்டு. பிரிமியர் லீக் உள்ளிட்ட உரிமைதாரர்களின் விண்ணப்பத்தின்பேரில், அத்தகைய செயலிகள் இயங்கத் தேவையான இணைய முகவரிகளை முடக்குமாறு 2018ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முகவரி முடங்கினால் செயலி நின்றுவிடும். மாதக் கட்டண ரசீதோ வாடிக்கையாளர் சேவையோ இல்லாத நிலையில், கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

நேரலையிலும் தாமதம்

முறையான சேவையிலும் பக்கத்து வீட்டின் ஆரவாரம் முதலில் கேட்கலாம். இணையத்தில் காணொளி சில விநாடித் துண்டுகளாகப் பிரித்து அனுப்பப்படுகிறது. தடையின்றி ஓடுவதற்காகச் செயலி சில துண்டுகளை முன்கூட்டியே சேமித்துக்கொள்கிறது. இதனால் 30 விநாடி வரைகூடத் தாமதம் ஏற்படலாம். இணைய வேகம் குறைந்தால் ஆட்டம் நிற்காமலிருக்கச் செயலியே படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். உயர்தரக் காணொளிக்கு மணிக்கு ஏறக்குறைய 3 கிகாபைட் தரவு செலவாகும் என்பதால், கைத்தொலைபேசியில் பார்ப்போர் வைஃபை இணைப்பைப் பயன்படுத்துவது நல்லது.

பணம் கட்டும் முன்

• "ஒருமுறை கட்டினால் ஆயுள் முழுதும்" என்ற விளம்பரத்தைச் சந்தேகியுங்கள்.
• செயலியை அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள்.
• முன்பின் அறியாத செயலியில் வங்கி அட்டை விவரங்களைத் தராதீர்கள்.
• எத்தனை சாதனங்களில் ஒரே நேரத்தில் பார்க்கலாம், ஒப்பந்தக் காலம் எவ்வளவு என்பதைக் கேட்டறியுங்கள்.
• வெளிநாட்டுச் சந்தா இங்கு இயங்காமல் போகலாம்.